ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பைப் படிக்கும்போது நாம் தவறும் இடங்கள்

சர்வதேச மனித உரிமை நீதிமன்றம் ஒன்று ஒரு நாட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னால் நம்மிடையே இரண்டு விதமான பேச்சு எழும். "இனி அந்த அரசு பணிந்துதான் ஆக வேண்டும்" என்பார்கள் சிலர். "எழுதி வைப்பார்கள், யார் மதிக்கப் போகிறார்கள்" என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் மறந்துவிடுவது உள்ளூர் நீதிபதியை. வெளியே எழுதப்படும் தீர்ப்பு ஒரு நாட்டின் சட்டத்துக்குள் நுழைவது பெரும்பாலும் அந்த நாட்டு நீதிபதிகளின் கை வழியாகத்தான். தவறான புரிதல்கள் பலவும் இதைக் கவனிக்காததால் வருபவை.

முதலில் ஊர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கிறது. அதே ஊரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் போர்க்குற்றம், இனப்படுகொலை போன்றவற்றுக்காகத் தனிநபர்களை விசாரிக்கிறது. தனிமனிதர் ஓர் அரசுக்கு எதிராக முறையிடும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கிறது. இது 46 நாடுகள் அடங்கிய ஐரோப்பியப் பேரவையின் நீதிமன்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வேறு, அது லக்சம்பர்க்கில். அதனால்தான் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டன் ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக்கு கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசேயிலும், ஆப்பிரிக்காவுக்கு தான்சானியாவின் அருஷாவிலும் இதே வகை நீதிமன்றங்கள் உண்டு. ஆசியாவுக்கு ஒன்றுகூட இல்லை.

அடுத்த தவறு, ஸ்ட்ராஸ்பர்க்கை உச்ச நீதிமன்றத்துக்கும் மேலான இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமாக நினைப்பது. உள்நாட்டுத் தீர்ப்பை ரத்து செய்யவோ, ஒரு சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. இந்த நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கை மீறப்பட்டதா இல்லையா என்று சொல்லும், இழப்பீடு வழங்கச் சொல்லும். மற்றதை அந்த நாடுதான் செய்ய வேண்டும்.

ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். தண்டனைக் காலம் முடிந்த பிறகும், ஆபத்தானவர் என்று கருதப்படும் கைதியைத் தொடர்ந்து அடைத்து வைக்க அங்கே சட்டம் உண்டு. அப்படி அடைப்பதற்கு இருந்த 10 ஆண்டு வரம்பை 1998இல் நீக்கினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்றார்கள். ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2004இல் இதை ஏற்றுக்கொண்டது. 2009இல் ஸ்ட்ராஸ்பர்க் இது உரிமை மீறல் என்றது. 2011இல் அதே ஜெர்மன் நீதிமன்றம் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டு, அந்தச் சட்ட ஏற்பாடு முழுவதும் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் இந்த உடன்படிக்கைக்குச் சாதாரணக் கூட்டாட்சிச் சட்டத்தின் தகுதிதான், அரசியலமைப்பை விடக் கீழேதான். ஆனாலும் தங்கள் அரசியலமைப்பைப் படிக்கும்போதே ஸ்ட்ராஸ்பர்க் சொன்னதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்த நீதிபதிகள் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். காகிதத்தில் உள்ள தகுதியை மட்டும் வைத்துச் செல்வாக்கை அளந்தால் இது கண்ணில் படாது.

தோற்ற நாட்டை மட்டுமே பார்ப்பதைத்தான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். 2008இல் வந்த சல்துஸ் வழக்கு துருக்கிக்கு எதிரானது. 17 வயதுப் பையனை வழக்கறிஞர் இல்லாமல் போலீஸ் விசாரித்து, அங்கே வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே தண்டனை கொடுத்திருந்தார்கள். முதல் விசாரணையிலிருந்தே வழக்கறிஞரின் துணை கிடைக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக ஸ்ட்ராஸ்பர்க் சொன்னது. அப்போது ஸ்காட்லாந்தில் சந்தேக நபரை 6 மணி நேரம் வழக்கறிஞர் இல்லாமல் வைத்து விசாரிக்க போலீஸுக்குச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. எங்களிடம் வேறு பாதுகாப்புகள் இருக்கின்றன, இந்தத் தீர்ப்பு எங்களுக்குப் பொருந்தாது என்று 2009இல் ஸ்காட்லாந்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் சொல்லிப் பார்த்தது. 2010 அக்டோபர் 26 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மறுநாளே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அவசரச் சட்டம் நிறைவேற்றியது. வழக்கறிஞர் உரிமை வந்தது. கூடவே, 6 மணி நேரக் காவல் 12 மணி நேரமாக நீண்டது! உரிமைத் தீர்ப்பு உள்ளே வரும்போது அரசும் தன் பங்குக்கு எதையாவது பிடுங்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்ட்ராஸ்பர்க்கில் தங்கள் மேல் வழக்கு வரும்வரையோ, சட்டம் திருத்தப்படும்வரையோ காத்திருக்காமல் அதன் தீர்ப்புகளை மதிக்க நாடுகள் கடமைப்பட்டவை என்று 2011 ஏப்ரல் 15 அன்று அதன் உயர்நிலை நீதிமன்றம் அறிவித்தது. இந்த உடன்படிக்கையில் சேராத நாடுகளின் நீதிபதிகள்கூட இந்தத் தீர்ப்புகளைப் படிக்கிறார்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய வடக்கு அயர்லாந்துச் சட்டம் பற்றிய 1981ஆம் ஆண்டு டட்ஜன் தீர்ப்பை, அதே போன்ற இந்தியச் சட்டமான 377ஆம் பிரிவு பற்றிய வழக்கில் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்தாண்டது.

சரி, கீழ்ப்படியாத நாட்டை என்ன செய்வது? ஸ்ட்ராஸ்பர்க்கிடம் போலீஸ் இல்லை. உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று கண்காணிக்கிறது, அவ்வளவுதான். கைதிகளுக்கு ஒட்டுமொத்தமாக வாக்குரிமை மறுப்பது தவறு என்று 2005இல் பிரிட்டனுக்குச் சொன்னார்கள். சிறிய நிர்வாக மாற்றங்களோடு அந்தக் கோப்பு மூடப்பட்டது 2018இல்தான். துருக்கியில் சிறையிலிருந்த சமூகச் செயற்பாட்டாளர் ஒஸ்மான் கவாலாவை விடுவிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. துருக்கி அதை நிறைவேற்றத் தவறியது என்று 2022இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. அதன் பிறகும் அவரை விடவில்லை. ரஷ்யா 2022இல் பேரவையிலிருந்தே வெளியேற்றப்பட்டது. இவற்றை வைத்து மொத்தமும் வீண் என்று முடிவு கட்டுவது, ஸ்காட்லாந்தைப் போல ஓசையில்லாமல் நடந்த மாற்றங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதாகும். பெருவின் பொது மன்னிப்புச் சட்டங்களுக்குச் சட்ட மதிப்பே இல்லை என்று 2001இல் சான் ஹோசே நீதிமன்றம் சொன்னது. அப்படி மன்னிக்கப்பட்ட பாரியோஸ் ஆல்டோஸ் படுகொலைக்காகவும் சேர்த்து 2009இல் முன்னாள் அதிபர் ஃபுஜிமோரிக்கு 25 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது பெருவின் சொந்த நீதிமன்றம்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது ஜெனிவா விஷயத்தில். ஐ.நா. மனித உரிமைக் குழு நீதிமன்றம் கிடையாது. அது வெளியிடுவது கருத்து. இலங்கையின் சிங்கராசா வழக்கு இதற்குக் கசப்பான சான்று. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அவர் அறியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை வைத்து அவருக்கு 50 ஆண்டுகள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 35 ஆனது. சித்திரவதை செய்து வாங்கியது என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. 2004இல் ஐ.நா. குழு இது உரிமை மீறல் என்றது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம், தனிநபர் முறையீட்டை அனுமதிக்கும் நெறிமுறையில் ஜனாதிபதி 1997இல் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிக் கதவை அடைத்தது. ஜெர்மன் நீதிபதிகள் திறந்த அதே இடத்தில்தான் இவர்கள் பூட்டினார்கள். சட்டப் புலமைக் குறைவால் வந்த வித்தியாசமாக எனக்கு இது தெரியவில்லை. மனமில்லை.

ஐரோப்பாவில் அடைக்கலம் கோரும் நம் மக்களுக்கு வேறொரு தவறு ஆபத்தாகவே முடியும். ஒருவர் வென்ற தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழர்களைத் திருப்பி அனுப்ப முடியாது என்று நம்பிவிடுகிறார்கள். பிரிட்டனுக்கு எதிராக 1991இல் வந்த வில்வராஜா வழக்கில் தமிழர்கள் தோற்றார்கள். 2008இல் பெயர் வெளியிடப்படாத இன்னொரு தமிழர் வென்றார். வென்ற அந்தத் தீர்ப்பிலேயே, தமிழர் என்ற ஒரே காரணம் போதாது, ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முன்பு கைதானது, காவலில் எடுத்த புகைப்படம், கைரேகை, உடம்பில் உள்ள தழும்பு என்று அவர் கதையின் விவரங்கள்தான் அவரைக் காப்பாற்றின. உள்நாட்டு வழிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்ட்ராஸ்பர்க் போகலாம். அதற்கான கால வரம்பும் முன்பு போல 6 மாதம் இல்லை, 2022 பிப்ரவரியிலிருந்து 4 மாதம்தான்.