சிறப்புப் பயிற்றுநர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தபோது ஒரு பையன் இருந்தான். எந்த மதகைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் என்று கோர்வையாகச் சொல்வான். 'கொக்கு' என்று எழுதச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். "அடுத்த வருஷம் சரியாகிவிடும்மா" என்று அவன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். அவனுக்கு ஒரு வருஷம் வீணானது. அது என் தவறு. இன்றும் பல பள்ளிகளில் அதுதான் நடக்கிறது.

ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் வரும்; அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. வாயால் நன்றாகச் சொல்கிற பிள்ளை, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் எழுத்தில் தடுமாறினால், கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று கவனிக்க வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சரியாகக் காது கேட்காத பிள்ளைக்குக்கூட 'மந்தம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அடுத்தது, "அதெல்லாம் சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்த்துக்கொள்வார்" என்று விடுவது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வட்டார வள மையத்திலிருந்து வரும் அவருக்குப் பல பள்ளிகள். மற்ற நாளெல்லாம் பிள்ளை நம்மிடம்தான் இருக்கிறது. அவர் வரும்போது, 'இந்த வாரம் எந்த எழுத்து, எப்படிச் சொல்லித்தர?' என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கொண்டுவரலாம். கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படிக்கலாம். பத்து வரி எழுதச் சொல்லும் இடத்தில் மூன்று வரி போதும், மிச்சத்தை வாயால் சொல்லட்டும். எல்லார் முன்னாலும் எழுப்பிவிட்டுப் படிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பையன் மதகுக் கதையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அப்புறம் அதையே வாசிக்கக் கொடுத்தேன். அவன் தானாக விரல் வைத்துப் படித்த முதல் பக்கம் அது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வரட்டும் என்று காத்திருப்பதும் தவறுதான். இதில் எதற்கும் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்று வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. இது பல பெற்றோருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு அரையாண்டில் ஓடினால் நேரம் பற்றாது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.

சரி, சான்றிதழுக்கான முகாமுக்குக் கூப்பிட்டால் பெற்றோர் ஏன் வருவதில்லை? பள்ளி திறக்கும் ஜூனில்தான் மேட்டூரும் திறக்கும், அடுத்து குறுவை நடவு. அன்று வந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். "அக்கறையில்லாத பெற்றோர்" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு வாரம் முன்பே தேதியைச் சொல்லி, ஆதாரும் போட்டோவும் எடுத்துவரச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.