அப்பாவின் சேர்ட்டைத் திருப்பிப் போடுங்கள்: ஸ்க்ரப் டெக் படிக்கப் போகிறவர்களுக்கு

வட்டக்கச்சியில் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இரண்டு மாத லீவு. அக்காவின் மகளுக்குக் கல்யாணம் முடிந்து அமெரிக்க விசாவுக்குக் காத்திருக்கிறாள். "சித்தி, நீங்கள் படித்ததையே நானும் படிக்கட்டா?" என்று நான் வந்த நாளிலிருந்து பின்னாலேயே திரிகிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். விசா வரும் வரை சும்மா இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் இது என்ன வேலை என்பது. கிளிநொச்சி ஆஸ்பத்திரித் தியேட்டரில் சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பக்கத்தில் நின்று கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுப்பவர் ஒரு தாதிய உத்தியோகத்தர். அமெரிக்காவில் அதற்கென்றே தனித்தொழில் இருக்கிறது. சேர்ஜிகல் டெக்னோலொஜிஸ்ட் என்பது முழுப்பெயர், வாயில் வருவது ஸ்க்ரப் டெக். தாதியாக இருக்கத் தேவையில்லை. சான்றிதழ்ப் படிப்பு என்றால் ஏறக்குறைய ஒரு வருடம், இணைப் பட்டம் என்றால் இரண்டு வருடம். நான் இரண்டாவதைப் படித்தேன். கனடாவுக்குப் போகிறவர்கள் இதை நம்பிப் போகாதீர்கள், அங்கே இந்த வேலையைப் பெரும்பாலும் தாதியர்தான் செய்கிறார்கள்.

படி 1: கடதாசிகள்

சாதாரண தரம், உயர்தரப் பெறுபேறுகள் கையில் வேண்டும். 2009இல் எங்கள் வீட்டுக் கடதாசிகள் எல்லாம் போயின, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறுபேற்றுச் சான்றிதழ் எடுக்கலாம். பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம். அமெரிக்கா போனபிறகு, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, இது அவர்களுடைய உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குச் சமம் என்று கடிதம் எடுக்க வேண்டும். எந்த நிறுவனம் என்பதை நீங்களாகத் தெரிவு செய்யாதீர்கள். கல்லூரியிடம் கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். நான் கேட்காமல் கட்டி, இரண்டாம் தடவையும் கட்டினேன்.

படி 2: எந்தக் கல்லூரி

கேஹெப் என்று சுருக்கிச் சொல்லும் அங்கீகார அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் இணையத்தளத்தில் பாடநெறியின் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் ஏ.பி.எச்.ஈ.எஸ். என்ற இன்னொன்றின் பட்டியலைப் பாருங்கள். இரண்டிலும் இல்லாத இடத்தில் சேர வேண்டாம். கட்டிடம் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் சரி. இந்த அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்தால்தான் கடைசியில் சீ.எஸ்.ரீ. என்ற ஸ்க்ரப் டெக் சான்றிதழுக்கான சோதனை எழுதக் கதவு திறக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா தனியார் பள்ளி ஒன்றில் காசைக் கட்டி, பாதிப் படிப்பில்தான் இதை அறிந்தார்.

என் விருப்பத்தைக் கேட்டால் அரச சமுதாயக் கல்லூரிதான். கட்டணம் குறைவு. ஆனால் ஒரு வகுப்புக்கு எடுக்கும் ஆட்களும் குறைவு, காத்திருக்க வேண்டிவரும். அந்த நேரத்தில் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும், மருத்துவச் சொற்கள், நுண்ணுயிரியல் ஆகிய பாடங்களை முடித்துவிடுங்கள்.

படி 3: ஊசிகள் (இதை இங்கேயே தொடங்குங்கள்)

ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு விடுவதற்கு முன் தடுப்பூசிப் பதிவு கேட்பார்கள். ஹெப்பட்டைட்டிஸ் பி வழக்கமாக மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. கடைசி நேரத்தில் ஓடினால் அரை வருடம் போய்விடும். சின்ன வயசுக் கார்ட் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி தெரிந்தால் அதையே ஏற்றுக்கொள்கிறார்கள்.

பின்சேர்க்கை: முழங்காவில் பக்கத்திலிருந்து போன ஒருவர் எழுதியிருந்தார். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்த்தபோது கை தடித்து வீங்கி, நெஞ்சு எக்ஸ்ரே, அலைச்சல், ஒரு மாதம் வீண். எங்கள் எல்லோருக்கும் பிறந்தவுடன் பீ.சீ.ஜீ. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள், இடது தோளில் தழும்பு இருக்கிறதல்லவா? அதனாலேயே தோல் பரிசோதனை சிலவேளை நோய் இருப்பதுபோலக் காட்டும். இரத்தத்தில் செய்யும் காசநோய்ப் பரிசோதனையை பீ.சீ.ஜீ. குழப்பாது. போனவுடனேயே "எனக்கு இரத்தப் பரிசோதனை தாருங்கள்" என்று கேளுங்கள். நான் இதை முதலில் எழுத மறந்ததற்கு மன்னிக்கவும்.

படி 4: சொற்கள்

19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். நாங்கள் அங்கே போய் ஆங்கிலத்தில் படிக்கிறோம், சரி. ஒரு சொல்லைத் துண்டாக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. வாலில் "எக்டமி" வந்தால் வெட்டி எடுப்பது, "ஒட்டமி" வந்தால் வெட்டித் திறப்பது, "ஒஸ்டமி" வந்தால் வாய் ஒன்று அமைப்பது. என் காதுக்கு மூன்றும் முதலில் ஒன்றாகவே கேட்டன.

ஆனால் என்னை விழுத்தியது புத்தகச் சொல் இல்லை, முகமூடி. தியேட்டரில் எல்லோரும் வாயை மூடியிருப்பார்கள். நான் அதுவரை அமெரிக்கர்களின் ஆங்கிலத்தைப் பாதி வாயைப் பார்த்துத்தான் விளங்கியிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. போதாததற்கு ஆயுதங்களுக்குச் செல்லப்பெயர்கள். மெட்சென்பாம் கத்தரி "மெட்ஸ்" ஆகிவிடும். மொஸ்கிட்டோ கிளாம்பை (இரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் சின்ன இடுக்கி) சிலர் "ஸ்னாப்" என்பார்கள். தப்பியது கைச்சைகையால். இரண்டு விரலை வெட்டுவதுபோல் அசைத்தால் கத்தரி, பேனை பிடிப்பதுபோல் காட்டினால் கத்தி, மணிக்கட்டைச் சுழற்றினால் ஊசி பிடிக்கும் நீடில் ஹோல்டர். இவற்றை முதல் வாரத்திலேயே பாடமாக்குங்கள்.

படி 5: ஆயுதங்கள்

மனப்பாடத்துக்கு அன்கி செயலி போதும் (நாங்கள் உடுத்தும் அங்கி இல்லை, அது வேறு). அன்ட்ரொயிட் போனிலும் கணினியிலும் இலவசம். படத்தை ஒரு பக்கமும் பெயரை மறுபக்கமும் போடுங்கள். ஒரே மாதிரி இருப்பவற்றைச் சோடியாகப் படியுங்கள். கிளாம்புகளில் கெல்லியும் கிரைலும் அண்ணன் தம்பி மாதிரி. தாடையின் வரிகள் பாதியோடு நின்றால் கெல்லி, அடிவரை போனால் கிரைல். தசையைப் பிடித்துத் தூக்கும் இடுக்கிகளில் அலிஸுக்குப் பல் உண்டு, பாப்கொக்குக்கு இல்லை. பிடி தங்க நிறமாக இருந்தால் வாயில் டங்ஸ்டன் கார்பைட் தகடு பதித்தது என்று அர்த்தம்.

இணையத்தில் இருபது முப்பது ஆயுதம் உள்ள மலிவுப் பெட்டி விற்பார்கள். வாங்காதீர்கள். ஒரு கிளாம்ப், ஒரு நீடில் ஹோல்டர், அவ்வளவுதான். இடது கையால் பிடியிலுள்ள பூட்டைத் திறந்து மூடப் பழகுவதற்கு இரண்டும் போதும். கத்தியின் பிளேட்டை மட்டும் வீட்டில் விரலால் மாட்டிப் பார்க்க வேண்டாம். அங்கேயும் அதை நீடில் ஹோல்டரால் பிடித்துத்தான் மாட்டுவோம்.

படி 6: கிணற்றடியில் கை கழுவுதல்

ஸ்க்ரப் என்பது இதுதான். நகங்கள் 30 தேய்ப்பு, பிறகு ஒவ்வொரு விரலுக்கும் நான்கு பக்கம் இருக்கிறது என்று எண்ணி ஒவ்வொரு பக்கத்துக்கும் 20, அப்படியே கை, முன்கை, முழங்கைக்கு மேல் இரண்டு அங்குலம் வரை. முடிந்த இடத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது. கை எப்போதும் முழங்கையை விட உயரத்தில். தண்ணீர் விரல் நுனியில் தொடங்கி முழங்கையால் வடிய வேண்டும். நல்ல தோலுக்கு மென்மையான பிரஷ் போதும், வீட்டில் பழகும்போது வெறும் கையாலேயே தேய்க்கலாம். இப்போது பல இடங்களில் மதுசாரக் கலவை பூசுவதே வழக்கம், ஆனால் கல்லூரியில் இதைச் செய்துகாட்டாமல் விடமாட்டார்கள்.

குழாய் வேண்டாம். வாளியால் ஒருவர் ஊற்றினால் சரி. நான் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, அம்மா ஊற்றிக்கொண்டே, "ஆரைப் பிள்ளை கும்பிடுறாய்?" என்றார்.

படி 7: அங்கியும் கையுறையும்

இதில்தான் நான் மூன்று வாரம் அழுதேன். எல்லாப் புத்தகங்களும் இதை அரைப்பக்கத்தில் முடித்துவிடுகின்றன.

விதி இதுதான். கழுவின கை சுத்தமானது, ஆனால் கிருமியற்றது இல்லை. ஆகவே அந்தக் கை அங்கியின் வெளிப்பக்கத்தையோ கையுறையின் வெளிப்பக்கத்தையோ தொடவே கூடாது. அப்படியானால் கையுறையை எதனால் பிடிப்பது? அங்கியின் துணிக்குள் இருந்தபடியே. விரல் நுனி கூட வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது.

எனக்கு ஒவ்வொரு முறையும் சுட்டுவிரல் எட்டிப்பார்த்தது. ஆசிரியை தூரத்தில் நின்றே "கன்டாமினேட்டட்" (கிருமி பட்டுவிட்டது) என்பார். அங்கி கழற்று, கையுறை எறி, மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் பதினொரு தடவை. என் பிழை கையுறையில் இல்லை, அதற்கு முந்திய படியில் இருந்தது. அங்கிக்குள் கையை விடும்போதே ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டேன். கைமுனையில் துணியும் பின்னல் பட்டியும் சேரும் ஒரு தையல் இருக்கிறது. விரல் அந்தத் தையலில் முட்டியதும் நிற்க வேண்டும். நின்று, தையலை உள்ளிருந்து கிள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது விளங்கிய அன்றே கையுறை ஏறிவிட்டது.

வீட்டில் பழக அப்பாவின் முழுக்கைச் சேர்ட் ஒன்று எடுங்கள். முன்பக்கம் முதுகுக்கு வரும்படி போடுங்கள். பொத்தானைப் பின்னால் இன்னொருவர் பூட்டட்டும், தியேட்டரிலும் அங்கியைப் பின்னால் கட்டிவிடுவது வேறு ஆள்தான். முதுகு கிருமியற்றதாகக் கணக்கில் இல்லை. நெஞ்சிலிருந்து மேசை மட்டம் வரை முன்பக்கம், கைகளில் முழங்கைக்கு மேல் இரண்டு அங்குலத்திலிருந்து கைமுனை வரை, அவ்வளவுதான் உங்கள் ராச்சியம்.

சரி, இப்போது இடது கை. சேர்ட்டுக்குள் இருந்தபடியே உள்ளங்கை வானத்தைப் பார்க்க நீட்டுங்கள். இடது கையுறையை அதன்மேல் குப்புற வையுங்கள். பெருவிரல் உங்கள் பெருவிரல் பக்கம். மற்ற விரல்கள் உங்கள் முழங்கையைப் பார்க்க வேண்டும். ஆம், உங்களை நோக்கி. எல்லோருக்கும் முன்பக்கம் பார்க்க வைக்கத்தான் கை போகும். பிறகு துணிக்கூடாக இடது விரல்களால் கையுறையின் அடி விளிம்பைப் பிடியுங்கள். வலது கையால், அதுவும் துணிக்குள்ளிருந்தே, மேல் விளிம்பைப் பிடித்துக் கைமுனைக்கு மேலால் புரட்டி மறுபக்கம் விடுங்கள். சேர்ட்டுக் கையின் வாய் முழுவதும் கையுறைக்குள் போயிருக்கும். இனித்தான் கையை நீட்டலாம். கையுறையையும் துணியையும் சேர்த்து முழங்கைப் பக்கம் இழுக்க, விரல்கள் தானாக உள்ளே போகும். வலது கை இதைவிட இலேசு.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்க்கும்போது போடுகிற சாதாரணக் கையுறை சரிவராது, கைப்பகுதி கட்டை. மருந்துக்கடையில் சோடியாக உறையிட்டு வரும் சேர்ஜிகல் கையுறையைக் கேளுங்கள். 5.5இலிருந்து 9 வரை அரை அரையாக அளவு உண்டு, எங்கள் பெண்பிள்ளைகளின் கைக்கு 6 அல்லது 6.5. இரண்டு சோடி போடும்போது நான் உள்ளே அரை அளவு பெரிதாகப் போடுவேன், விரல் மரக்காது. (சத்திரசிகிச்சைக்கு ரப்பர் கையுறை வந்த கதை அழகானது. 1889 அளவில் ஹால்ஸ்டெட் என்ற சேர்ஜனின் தாதிக்குக் கிருமிநாசினி பட்டுக் கை புண்ணானது. அவளுக்காகச் செய்வித்தார். பிறகு அவளையே கட்டினார்.)

பின்சேர்க்கை: சேர்ட்டின் கைமுனை அகலம், விரல் நழுவி வருகிறது என்று இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். உண்மைதான். பழைய சொக்ஸின் நுனியை வெட்டிக் கைமுனையில் தைத்துவிடுங்கள். அசல் அங்கியின் பட்டி மாதிரியே பிடிக்கும்.

இன்னொன்று. பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் என் முழங்கை பின்னால் நின்ற கம்பத்தில் பட்டது. யாரும் காணவில்லை. சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் சேர்ஜன் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். சொன்னேன். "கையை மாற்று" என்றார், அவ்வளவுதான். அங்கியின் கைக்கு மேல் போடுகிற கிருமியற்ற தனிக்கை ஒன்று இருக்கிறது, மாட்டிவிட்டார்கள். அரை நிமிடம். வீட்டில் பழகும்போதும் கதவில் பட்டால் சத்தமாகச் சொல்லுங்கள்.

படி 8: எண்ணிக்கையும் பதிவும்

பஞ்சு, ஊசி, ஆயுதம் எல்லாவற்றையும் தாதியுடன் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். தொடங்க முன், உட்குழி மூட முன், தோல் தைக்கும்போது. ஒன்று குறைந்தால் தேடல். குப்பைவாளி, நிலம், சப்பாத்தின் அடி எல்லாம் பார்ப்போம். கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே.

படிப்பு முடிய 120 சத்திரசிகிச்சைகள் காட்ட வேண்டும், அதில் 80இல் நீங்களே முதல் ஆளாக நின்றிருக்க வேண்டும். மேசை அடுக்கியது, எண்ணியது, கொடுத்தது என எல்லாவற்றையும் நீங்கள் செய்தால்தான் அது கணக்கு. அன்றன்றே எழுதி ஒப்பம் வாங்குங்கள். நான் வெள்ளிக்கிழமை சேர்த்து எழுதப்போய் இரண்டைக் கோட்டைவிட்டேன். சீ.எஸ்.ரீ. சோதனை 175 கேள்வி, நான்கு மணித்தியாலம். புள்ளி 150க்குத்தான், மற்ற 25 அவர்கள் பரீட்சித்துப் பார்ப்பவை. எது எதென்று தெரியாது, எல்லாவற்றுக்கும் விடை எழுதுங்கள்.

கடைசியாக: பெறாமகள் நேற்றுப் பின்னேரம் விரல் காட்டாமல் இரண்டு கையுறையும் போட்டுவிட்டாள். இன்று காலை அப்பா சேர்ட்டைத் திருப்பிக் கேட்டார். ஏழு பொத்தானில் ஆறுதான் இருக்கிறது. அவள் கிணற்றடியில் டோர்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறாள், நானும் போகிறேன்.