பெயரில்லாப் படைக்கு ஊர் கிடைத்தது

28 மில்லிமீட்டர் அளவில் 42 இடைக்கால வீரர் பொம்மைகளை நானே வடித்து வண்ணமும் பூசி முடித்திருந்தேன். பெயர் வைக்க உட்கார்ந்தபோதுதான் தடுமாறினேன். கம்பீரமாக ஒலிக்கும் எழுத்துகளைக் கோத்துக் கோத்து வைத்த பெயர்களில், மறுநாள் எது யாருடையது என்று எனக்கே நினைவில்லை.

இடைக்கால இங்கிலாந்தின் துணைப்பெயர்கள் வழிகாட்டின. ஊர், தந்தை, தொழில், உடல் அடையாளம் ஆகியவற்றிலிருந்தே அவை பெரும்பாலும் பிறந்தன. ஃபிளெட்சர் என்றால் அம்பு செய்பவர்; ஸ்மித் கொல்லர். எனவே பெயரை விட்டுவிட்டு முதலில் வரைபடம் வரைந்தேன்: ஓர் ஆறு, ஒரு கல்பாலம், இரு கரையிலும் இரு கிராமங்கள். பாலத்தின் சுங்கம் யாருக்கு என்ற சண்டை தானாகவே முளைத்தது. பெயர்களும் அதன் பின்னாலேயே வந்தன.

கேடயங்களையும் திருத்த வேண்டியிருந்தது. கறுப்பின் மேல் நீலச் சிங்கம் வரைந்திருந்தேன். கையெட்டும் தூரத்திலேயே தெரியவில்லை. வண்ணத்தின் மேல் வண்ணம் கூடாது, உலோகத்தின் மேல் உலோகம் கூடாது என்பது, கேடயச் சின்னங்களை வகுக்கும் மரபுச்சின்னக் கலையின் பழைய விதி. பொன்னும் வெள்ளியும் அங்கே உலோகங்கள். நீலத்தின் மேல் பொன்சிங்கமாக மாற்றியதும் கண்ணைப் பறித்தது! ஆங்கில வழக்கப்படி இரண்டாம் மகனின் கேடயத்தில் ஒரு பிறை சேர்த்தேன். அண்ணன் தம்பிப் பகைக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஈட்டிக்காரன் ஒருவனின் இடது காது ஒட்டும்போது உதிர்ந்துவிட்டது. சரிசெய்யவில்லை. பாலத்து இரவுச் சண்டையில் அதை இழந்த ஒற்றைக்காது வில்லியம் அவன். படையில் எனக்கு மிகவும் பிடித்தவனும் அவன்தான்.