நாளந்தா போகிறவர்களுக்கு

பீகாரில் இருக்கும் பழைய பௌத்தக் கல்விக்கூடமான நாளந்தாவின் இடிபாடுகளைப் பார்க்க வெள்ளிக்கிழமை போகாதீர்கள். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை. அங்கே தோண்டியெடுத்த வெண்கலச் சிலைகளைப் பார்க்காமல் வந்தால் பாதிதான் பார்த்த மாதிரி.

உள்ளே நுழைந்ததும் எல்லாம் ஒரே செங்கல் சுவராகத் தெரிந்து தலை சுற்றும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கிழக்கே வரிசையாகத் துறவிகள் தங்கிய மடங்கள், மேற்கே கோயில்கள், நடுவில் பாதை. முதல் மடத்தில் நிதானமாக நில்லுங்கள். முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். நம் ஹாஸ்டல் மாதிரியேதான்! சுமத்ரா அரசர் பாலபுத்திரதேவர் இங்கே மடம் கட்டியதைச் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடும் இந்த மடத்தில்தான் கிடைத்தது.

அப்புறம், நிழல் குறைவு. தொப்பி, தண்ணீரோடு காலையிலேயே போய்விடுங்கள்.