ராமேஸ்வரத்தில் முதலில் ஸ்படிக லிங்கம், அப்புறம் தீர்த்தம்

ராமேஸ்வரத்தில் ஒரே காலையில் எல்லாம் முடிய வேண்டுமானால், அதிகாலை 5 மணிக்கு உலர்ந்த உடையோடு ஸ்படிக லிங்க தரிசனத்தை முடித்துவிட்டு, பிறகு அக்னி தீர்த்தக் கடலுக்கும் 22 தீர்த்தங்களுக்கும் போங்கள்.

ஸ்படிக லிங்கத்தை மூலவர் ராமநாதர் முன் வைத்துப் பூஜை செய்வது விடியற்காலையில் மட்டும்தான். 6 மணிக்கு மேல் போனால் கிடைக்காது. ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். கோயிலுக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கும் அந்த 22 தீர்த்தக் கிணறுகளில் நீராடி, உடை மாற்றி வரிசைக்கு வருவதற்குள் அந்த நேரம் போய்விடும், பலர் இப்படித்தான் தவறவிடுகிறார்கள். ஒளி ஊடுருவும் அந்தச் சிறு லிங்கத்தைப் பார்க்காமல் ஊர் திரும்புவது பெரிய குறை.

இன்னொரு லாபமும் உண்டு. தரிசனம் முடிந்த கையோடு மூன்றாம் பிரகாரத்தை நிதானமாகச் சுற்றலாம். சேதுபதி மன்னர்கள் 18ஆம் நூற்றாண்டில் முடித்த பிரகாரம் அது. ஒரு மூலையில் நின்று தூண் வரிசையை நேர்க்கோட்டில் பாருங்கள், கண் நகராது. தீர்த்தமாடும் கூட்டம் பெருகிவிட்டால் தரை ஈரமாகி வழுக்கும், அண்ணாந்து பார்க்க முடியாது.

நீராடாமல் தரிசனம் கூடாது என்று நினைப்பவர்கள் விடுதியிலேயே குளித்துவிட்டு வரலாம். ராமநாதபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருபவர்களுக்கு முதலில் தரிசனம், பிறகு தீர்த்தம் என்ற இந்த ஏற்பாடு உதவாது; முந்தைய இரவே வந்து தங்க வேண்டும். ஆடி, தை அமாவாசை நாட்களிலும் இது நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கூட்டம் தாங்காது.