புரொம் இரவுக்கு லிமோ பதிவுசெய்யும் முன்: ரொறன்ரோப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் புரொம், அதாவது பாடசாலை முடிக்கும் ஆண்டின் விருந்து நடன இரவு, இங்கே பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ வரும். வாகனத்தைப் பற்றிய பேச்சு அவர்களுடைய குரூப் சாட்டில் பனிக்காலத்திலேயே தொடங்கிவிடும். பெற்றோரின் காதுக்கு அது எட்டும்போது, "அம்மா, நாளைக்குள்ள காசு அனுப்ப வேணுமாம்" என்ற அளவில்தான் எட்டும். வண்டி எது, யாருடையது, எத்தனை மணி வரை என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். அனேகமான சிக்கல்களுக்கு வேர் இதுதான். பதினேழு வயதுப் பிள்ளைகள் வண்டிக்குள் எரியும் விளக்கையும் பாட்டுச் சத்தத்தையும் பார்த்துத்தான் தெரிவு செய்வார்கள். அதில் பிழையில்லை, அது அவர்களுடைய இரவு. ஆனால் உரிமம், காப்புறுதி, ஒப்பந்தம், திரும்பும் நேரம் ஆகிய நான்கையும் பெரியவர் ஒருவர் கையில் எடுத்தே ஆக வேண்டும். பத்துப் பெற்றோர் ஆளுக்கொரு தரம் கம்பனிக்கு அழைப்பதும் உதவாது. ஒருவர் போதும். அவர் பெயரில் ஒப்பந்தம் இருக்கட்டும், அவருடைய தொலைபேசி எண் சாரதியிடம் இருக்கட்டும், முடிவானதை அவர் மற்றவர்களுக்கு எழுத்தில் அனுப்பட்டும்.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. போவதற்கு மட்டும் வண்டி பிடிப்பார்கள். நான்கு மணிக்கு ஏறி, படம் எடுத்து, ஏழு மணிக்கு மண்டபத்தில் இறங்கினால் எல்லோர் கண்ணிலும் படும், காசும் மிச்சம். "வரும்போது யாராவது கூட்டிக்கொண்டு வருவார்கள்" என்று விட்டுவிடுவார்கள். அந்த 'யாராவது' அனேகமாக ஜி2 அனுமதிப்பத்திரம் (முழு அனுமதிக்கு முந்தைய படி) வைத்திருக்கும் ஒரு நண்பன். ஒன்ராறியோவில் 19 வயதும் அதற்குக் குறைவுமான ஜி2 சாரதி, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை, முதல் ஆறு மாதங்களில் 19 வயதும் அதற்குக் குறைவுமான ஒருவரை மட்டுமே ஏற்றலாம். ஆறு மாதங்களுக்குப் பிறகு அப்படி மூன்று பேர். கூடப்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய குடும்பத்தினர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அனுபவமுள்ள முழு அனுமதிப்பத்திரக்காரர் ஒருவர் முன் இருக்கையில் இருந்தாலும் கட்டுப்பாடு இல்லை. புரொம் முடியும் நேரத்தில் அப்படி ஒருவர் எங்கே வந்து முன் இருக்கையில் இருக்கப் போகிறார்? ஆறு பிள்ளைகள் ஒரு சிவிக் காரில் நெருக்கிக்கொண்டு, நித்திரை வழியும் கண்களோடு 401 நெடுஞ்சாலையில் வருவதைத் தவிர்க்கத்தான் சாரதியோடு வண்டி பிடிக்கிறோம். காசு இரண்டு வழிக்கும் போதாவிட்டால் போகும்போது பெற்றோர் கொண்டுபோய் விடுங்கள். பிடித்த வண்டி திரும்பி வரும் வண்டியாக இருக்கட்டும்.

இரு வழிக்கும் பதிவுசெய்தாலும் ஒன்றைக் கேட்க மறக்க வேண்டாம். நடுவிலுள்ள நேரத்தில் அந்த வண்டி வேறு வேலைக்குப் போகிறதா? ஜூன் மாதம் கலியாணம், பட்டமளிப்பு, புரொம் எல்லாம் ஒன்றாய் விழும் காலம். விலை குறைத்துத் தருபவர்கள் அந்த இடைவெளியில் இன்னொரு கூட்டத்தை ஏற்றி இறக்குவார்கள். அங்கே முக்கால் மணி பிந்தினால், உங்கள் பிள்ளைகள் பூட்டிய மண்டபத்துக்கு வெளியே முக்கால் மணி நிற்பார்கள். சாரதியையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். லிமோவுக்குப் பதிலாகப் பார்ட்டி பஸ் (விளக்கும் பாட்டும் உள்ள வாடகை பஸ்) பிடித்தால், அதை ஓட்டும் சாரதி ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது சட்டம். காலை கலியாணத்துக்கு ஓட்டியவரே இரவு ஒரு மணிக்கு உங்கள் பிள்ளைகளையும் கொண்டுவரப் போகிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள். ஒழுங்கான கம்பனி கோபிக்காது.

அடுத்தது, "தெரிந்த அண்ணா ஒருவர் வைத்திருக்கிறார், மலிவாகச் செய்வார்." நம்மிடையே இது அதிகம். ஊர்ப் பழக்கம், முகதாட்சண்யம், கேள்வி கேட்கவும் கூச்சம். ஆனால் காசுக்கு ஆள் ஏற்றினால் சாதாரண கார் காப்புறுதி அதற்குப் பொருந்தாது. விபத்து என்று வந்தபின் அண்ணாவும் நிற்பார், நீங்களும் நிற்பீர்கள், காப்புறுதிக் கம்பனி நிற்காது. ரொறன்ரோவில் லிமோ சேவைக்கும் அதை ஓட்டுபவருக்கும் நகராட்சி உரிமம் வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகள் ஏறக்கூடிய பஸ் என்றால் மாகாணத்தின் சி.வி.ஓ.ஆர். எனப்படும் வர்த்தக வாகன நடத்துநர் பதிவும் வேண்டும். அதன் சாரதிக்குச் சாதாரண ஜி வகுப்பு போதாது. 24 பயணிகள் வரை எஃப் வகுப்பு, அதற்கு மேல் சி வகுப்பு. சி.வி.ஓ.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கினால், அந்தக் கம்பனியின் விபத்து, குற்றப்பதிவு விபரங்களைப் போக்குவரத்து அமைச்சிடம் சிறு கட்டணத்துக்கு யாரும் பெறலாம். காப்புறுதிச் சான்றிதழின் பிரதியையும் கேளுங்கள். அதில் காலாவதித் திகதியைப் பாருங்கள். புரொம் நடக்கும் நாளில் அது செல்லுபடியாக வேண்டும்.

இதெல்லாம் வெறும் கடதாசி என்று நினைப்பவர்களுக்கு, 2018 ஒக்டோபர் 6ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கொஹாரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கொண்டாடப் புறப்பட்ட 17 பேர் ஒரு நீட்டிய லிமோவில் இருந்தார்கள். 2001ஆம் ஆண்டு ஃபோர்ட் எக்ஸ்கர்ஷன் ஒன்றை வெட்டி நீட்டிய வண்டி அது. மலையிறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், சந்தியைத் தாண்டிப் பாய்ந்து ஒரு கடையின் தரிப்பிடத்தில் மோதியது. ஏறியிருந்த 17 பேரும், சாரதியும், அங்கே நின்ற இருவருமாக 20 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அந்த வண்டி மாநிலப் பரிசோதனையில் தேறாமல் போயிருந்தது. அத்தனை பேரை ஏற்றும் வண்டியை ஓட்டுவதற்குரிய அனுமதி சாரதியிடம் இருக்கவில்லை. ஏறியவர்களுக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.  ஆகவே முற்பணம் கட்டுமுன் ஒரு தடவை நேரில் போய், எந்த வண்டி வருமோ அதையே பாருங்கள். இருக்கைகளில் பட்டி இருக்கிறதா, அது இழுபடுகிறதா, டயர் எப்படி, கதவு உள்ளிருந்து திறக்கிறதா. வண்டியின் தகட்டு எண்ணை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். "அதே ரக வண்டி" என்று எழுதியிருந்தால், அன்று பின்னேரம் வேறொன்று வந்து நின்றாலும் நீங்கள் பேச முடியாது.

நேரக் கணக்கில் நடக்கும் தவறு வேறு மாதிரி. எட்டுப் பிள்ளைகளையும் எட்டு வீட்டில் ஏற்றுவதாகத் திட்டம் போடுவார்கள். ஒரு வீட்டுக்குக் கால் மணி என்று வைத்தாலும் இரண்டு மணி நேரம் அங்கேயே போய்விடும். சேலையைத் தைத்து எடுத்த கவுணோடு பேத்தி படியிறங்கி வரும்போது அம்மம்மா வாசலில் நிற்பார், மாமி கனடாவின் மறுமுனையிலிருந்து வீடியோவில் இருப்பார். கால் மணியில் யாரும் முடிப்பதில்லை, முடிக்கச் சொல்லவும் கூடாது. அதனால் ஒரே வீட்டில் கூடுங்கள். அம்மம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீடு அகலமான தெருவில் இருக்கட்டும். ஸ்காபரோவிலும் ஏஜாக்ஸிலும் பல வீடுகள் முட்டுச் சந்தில் இருக்கின்றன. பார்ட்டி பஸ் உள்ளே போனால் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வெளியே வர வேண்டும்.

கூடும் இடத்திலிருந்து மண்டபத்துக்கு எவ்வளவு நேரம் என்று ஞாயிறு காலையில் கூகுளில் பார்த்துவிட்டு எழுதி வைக்காதீர்கள். ஸ்காபரோவிலிருந்து வோன் பக்கம் போகும் 401 வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு எப்படி நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். 407 கட்டண நெடுஞ்சாலையில் போவதென்றால் அந்தக் கட்டணம் யார் தலையில் என்பதையும் பேசிவிடுங்கள். படம் எடுக்க ஏரிக்கரையிலுள்ள புளஃபர்ஸ் பார்க் போகும் ஆசை பலருக்கு உண்டு. நல்ல வெயில் நாளில் அங்கே கார் நிறுத்தவே இடம் கிடைக்காது, நீட்டிய லிமோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணியாகும். மண்டபத்துக்கு வெளியே வைத்தே நல்ல வெளிச்சத்தில் எடுக்கலாம்.

மது விடயத்தில் பலருக்குத் தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. பார்ட்டி பஸ் என்றால் உள்ளே குடிக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஒன்ராறியோவில் 19 வயதுக்கு உட்பட்டவர்கள் குடிப்பதும் குற்றம், அவர்களுக்கு வாங்கிக் கொடுப்பதும் குற்றம். ஓடும் வண்டியில் திறந்த போத்தல் வைத்திருக்க வயது வந்தவர்களுக்கே அனுமதியில்லை. "குடித்திருக்கிறார்களா என்று பாடசாலையில் கருவியில் ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள், அந்தப் பயம் இருக்கும்" என்றும் நம்பியிருக்க வேண்டாம். ரொறன்ரோவின் நோர்தர்ன் பாடசாலையில் புரொமுக்கு வரும் எல்லா மாணவரையும் ஊதச் சொல்வது கனடாவின் உரிமைகள் சாசனத்துக்கு முரண் என்று ஒன்ராறியோ மேல்நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும்: மது கண்டுபிடிக்கப்பட்டால் பயணம் அந்த இடத்திலேயே முடியும். படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நள்ளிரவில், ஏதோ ஒரு கடைத்தொகுதி வாசலில் பத்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போவதற்கும் அந்த வரி இடம் கொடுக்கிறது. ஒப்பமிடும் முன், "பொறுப்பான பெற்றோருக்கு உடனே அழைத்து, பிள்ளைகளை வீட்டில் இறக்க வேண்டும், அல்லது பெற்றோர் வரும் வரை நிற்க வேண்டும்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பார்ட்டி பஸ்களில் இளம் உயிர்கள் போன பிறகு, 2019இல் வயது குறைந்தவர்கள் ஏறினால் பாதுகாப்புக் கண்காணிப்பாளர் ஒருவர் கூடப் போக வேண்டும், பெற்றோர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். அது அந்த மாகாணத்து விதி. இங்கே பெரிய பஸ் பிடிப்பதென்றால், பிள்ளைகள் மதிக்கும் பெரியவர் ஒருவரை, ஒருவரின் அக்காவையோ சித்தப்பாவையோ, நீங்களாகவே கூட அனுப்பலாம்.

காசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்ஸ்டகிராமில் படம் போட்டு, இ-டிரான்ஸ்ஃபரில் முற்பணம் கேட்பவருக்கு அனுப்பாதீர்கள். எதிர்ப்பக்கம் வாங்கிவிட்டால் அந்தக் காசைத் திருப்பி எடுக்க முடியாது. கடனட்டையில் கட்டினால் வழக்காடவாவது வழியுண்டு. சொன்ன விலையில் 13 வீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி, சாரதிக்கான டிப்ஸ், மேலதிக நேரக் கட்டணம், வண்டியைச் சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். யாராவது கடைசி நேரத்தில் வரவில்லை என்றால் அவருடைய பங்கை யார் கட்டுவது என்பதையும் பிள்ளைகளிடமே முன்கூட்டிப் பேசி முடியுங்கள். இதில்தான் நல்ல சிநேகிதங்கள் முறிகின்றன.

அப்புறம், இரவு ஏறும் இடம். மண்டப வாசலில் ஒரே நேரத்தில் பல வண்டிகள் நிற்கும், எல்லாம் கறுப்பு. எந்தக் கதவுப் பக்கம், எத்தனை மணிக்கு என்பதைச் சாரதியிடம் எழுத்தில் கொடுங்கள். எத்தனை பேர் ஏற வேண்டும் என்ற பெயர்ப்பட்டியலும் அவரிடம் இருக்கட்டும். ஒருவர் குறைந்தாலும் உங்களுக்கு அழைக்காமல் வண்டியை எடுக்கக்கூடாது. கைபேசியில் சார்ஜ் இறங்கிவிடும் நேரம் அது. ஆகவே உங்கள் எண்ணை ஒரு துண்டில் எழுதிப் பிள்ளையின் பையில் வைத்துவிடுங்கள்.