லினக்ஸில் சத்தம் வரவில்லையா? சவுண்ட் சர்வரை நீக்கும் முன் படியுங்கள்

லினக்ஸில் சத்தம் நின்றதும் பலர் செய்கிற முதல் வேலை, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்ற சவுண்ட் சர்வர்களில் எது இருக்கிறதோ அதை மொத்தமாகத் தூக்கிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். "ஆல்சா மட்டும் போதும்" என்று, அதாவது லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பே போதும் என்று, சொல்லும் குறிப்புகளில் பல, 2007-இல் ஃபெடோரா 8-உம் 2008-இல் உபுண்டு 8.04-உம் பல்ஸ்ஆடியோவை இயல்பாகக் கொண்டுவந்து, அது அடிக்கடி தகராறு செய்த காலத்தில் எழுதப்பட்டவை. இன்றைக்குப் பொருந்தாது.

இவை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. ஆல்சாவின் டிரைவர்கள் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கின்றன, 2.6 கெர்னலில் ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்பைப் பின்னுக்குத் தள்ளி அந்த இடத்துக்கு வந்தது ஆல்சா. பல்ஸ்ஆடியோ, ஜாக், பைப்வயர் மூன்றும் அதற்கு மேலே உட்கார்ந்து, பல செயலிகளின் ஒலியைக் கலந்து கீழே அனுப்பும் சர்வர்கள். செயலிகள் நேரடியாக அழைக்க ஆல்சாவுக்குத் தனி நூலகமும் இருப்பதால்தான் இந்தக் குழப்பம்.

சரி, சர்வரை நீக்கினால் என்ன ஆகும்? மதர்போர்டில் இருக்கும் சாதாரண சவுண்ட் சிப்பால் பல ஒலிகளைத் தானே கலக்க முடியாது. செயலி நேரடியாக வன்பொருளைத் திறந்தால், முதலில் திறந்ததுக்கே சத்தம், அடுத்தது "சாதனம் பிஸி" என்று நிற்கும். ஆல்சாவின் டிமிக்ஸ் என்ற செருகுநிரல் கலந்து தரும், உண்மைதான். ஆனால் பாட்டு ஓடும்போதே அதை ஸ்பீக்கரிலிருந்து புளூடூத் ஹெட்செட்டுக்கு மாற்றுவதெல்லாம் சர்வரின் வேலை. போதாததற்கு, 2017-இல் வந்த 52-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸின் அதிகாரப்பூர்வ பில்டு பல்ஸ்ஆடியோ இடைமுகத்தைத்தான் எதிர்பார்க்கிறது. பைப்வயர் அதே இடைமுகத்தைத் தானே தருவதால் அது இருந்தாலும் போதும்.

பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டையும் ஒலிக்காக ஒரே நேரத்தில் ஓடவிடுவதும் தவறுதான், ஒரே கார்டுக்கு இரண்டும் மல்லுக்கட்டும். டெர்மினலில் 'பிஏசிடிஎல் இன்ஃபோ' (pactl info) கட்டளை கொடுத்தால் எந்த சர்வர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும், அதைப் பார்த்த பிறகு மற்றதில் கை வையுங்கள்.

அப்புறம், ஹோம் ஃபோல்டரில் எப்போதோ ஒட்டிவைத்த ஆல்சா கான்ஃபிக் கோப்பு. அதில் கார்டு 0 என்று எண்ணால் எழுதியிருந்தால், ஒரு ரீபூட்டில் எச்டிஎம்ஐ அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளலாம், ஸ்பீக்கர் ஊமையாகும். கார்டைப் பெயரால் குறியுங்கள், அல்லது அந்தக் கோப்பையே அகற்றிப் பாருங்கள். சுடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகி கணக்கில், செயலியை ஓட்டினாலும் சத்தம் வராமல் போகலாம், ஏனென்றால் சர்வர் ஓடுவது உங்கள் பயனர் கணக்கில், ரூட்டில் இல்லை.

நிரல் எழுதுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆல்சாவில் எழுதினால் 'டிஃபால்ட்' சாதனத்தைத் திறங்கள். வன்பொருளின் பெயரை நிரலுக்குள் பதிக்காதீர்கள். ஓஎஸ்எஸ்ஸில் சவுண்ட் கார்டின் நினைவகத்தை எம்மேப் செய்து, அதாவது நேரடியாகத் தம் நினைவகத்தோடு இணைத்து, எழுதிய பழைய விளையாட்டுகளை, பின்னால் வந்த சர்வர்களில் ஓடவைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது! தாமதம் குறையும் என்று சாதாரண மியூசிக் பிளேயரை ஜாக்கில் எழுதுவதும் வேண்டாம், அது பல ஸ்டுடியோ மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்க வந்தது. லினக்ஸ் அல்லாத இயங்குதளங்களில் ஒலி அமைப்பே வேறு: ஃப்ரீபிஎஸ்டியில் இன்றும் ஓஎஸ்எஸ், ஓபன்பிஎஸ்டியில் எஸ்என்டிஐஓ (sndio). அங்கேயும் ஓட வேண்டுமென்றால் எஸ்டிஎல் போன்ற நூலகத்தை வைத்து எழுதுங்கள், கீழே எது இருக்கிறது என்பதை அது பார்த்துக்கொள்ளும்.